தள்ளுவண்டியை ஏற்றிப் போய்விட்டார்கள், வீட்டுக்கும் நோட்டீஸ் வந்துவிட்டது

கேள்வி: பேருந்து நிலையத்துக்கு வெளியே பத்து வருஷத்துக்கு மேலாகத் தள்ளுவண்டியில் இட்லி வியாபாரம் செய்கிறேன். கணக்கெடுப்பில் பெயர் எழுதி அடையாள அட்டை கொடுத்தார்கள். போன வாரம் நகராட்சி ஆட்கள் வந்து வண்டி, அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். கையில் எந்தத் தாளும் தரவில்லை. குடியிருப்பது வாய்க்கால் கரைப் புறம்போக்கில். 21 நாளில் காலி செய்யச் சொல்லி அங்கேயும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வரி ரசீது, கரண்ட் பில் எல்லாம் இருக்கிறது. பட்டா வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடைக்காது. வரி ரசீதும் கரண்ட் பில்லும் நீங்கள் அங்கே குடியிருப்பதைக் காட்டுமே தவிர, இடத்தை உங்களுடையது ஆக்காது. வாய்க்காலை அடைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது, மழையில் வெள்ளமும் வடியாது. அதனால் நீதிமன்றங்கள் இதில் கறாராகவே இருக்கின்றன. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அந்த இடத்தைக் காப்பாற்றித் தருகிறேன் என்று எந்த வக்கீல் சொன்னாலும் நம்பாதீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது மாற்று வீடு. அதற்கு முன் வண்டி.

வண்டி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014 என்று ஒன்று இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து, எல்லோருக்கும் விற்பனைச் சான்று (தெருவில் கடை போட அனுமதிக்கும் சான்று) கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அதன் 3வது பிரிவு. அதற்குப் பிறகும் இடம் மாற்ற வேண்டுமானால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். பொருளை எடுத்தால் என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டு உங்களிடம் தர வேண்டும். அழுகக்கூடிய பொருளைக் கேட்ட அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள், உரிய கட்டணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தர வேண்டும். உங்கள் விஷயத்தில் இதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

நாளைக்கே நகராட்சி ஆணையருக்கு ஒரு மனு எழுதுங்கள். தேதி, நேரம், இடம், எடுத்துப் போன பொருள்கள் ஒவ்வொன்றாக: வண்டி, கேஸ் அடுப்பு, சிலிண்டர், இட்லிக் கொப்பரை, எத்தனை தட்டு, எத்தனை டம்ளர் என்பது வரை வேண்டும். அடையாள அட்டை நகலை இணையுங்கள். மனுவின் இன்னொரு பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். அதே மனுவை நகர விற்பனைக் குழுவுக்கும் அனுப்புங்கள். அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எந்தத் தெருவில் யார் கடை போடுவது என்பதில் அவர்கள் பேச்சுக்கு இடம் உண்டு. உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வண்டி வரும்வரை தண்டலுக்குப் பணம் வாங்கிவிட வேண்டாம். தெருவோர வியாபாரிகளுக்கான பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணையாக 15,000 ரூபாய் வரை ஈடில்லாமல் வங்கிக் கடன் கிடைக்கும். ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியம். விண்ணப்பம் நகராட்சி வழியாகவே போகிறது. சான்று இல்லாதவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் தரவும் வழி உண்டு.

இனி வீடு. நோட்டீஸை ஒதுக்கி வைத்துவிடாதீர்கள், அதில் போட்டிருக்கும் தேதிக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும். நீர்நிலை ஆக்கிரமிப்பு என்றாலும், அளவெடுப்பு பற்றி உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2010லேயே சொல்லியிருக்கிறது. அளவெடுத்த வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். உங்கள் குடிசை உண்மையிலேயே வாய்க்கால் எல்லைக்குள் வருகிறதா, அல்லது பக்கத்து நத்தத்தில் (ஊரில் வீடு கட்டிக்கொள்ள ஒதுக்கிய நிலம்) நிற்கிறதா என்பதைப் பொறுத்து வழக்கே மாறிவிடும். அதே பதிலில், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாற்று வீடு கேட்டு, மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். குடும்பத்தில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் கான்கிரீட் வீடு இல்லை என்றும் எழுதுங்கள், மத்திய வீட்டு வசதித் திட்டத்துக்கு அது முக்கியம். ஒதுக்கீட்டை உங்கள் பெயரிலேயே கேளுங்கள்.

இன்னொன்றையும் அதில் அழுத்திச் சொல்லுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு மாவுப் பாத்திரத்தோடு கிளம்புகிறவருக்கு, அந்த நேரத்தில் பஸ்ஸே இல்லாத இடத்தில் வீடு கொடுத்தால் தொழில் போய்விடும். நடவு மிஷின் வந்து வயல் வேலை குறைந்த பிறகு இந்த டெல்டாவில் எத்தனையோ பெண்கள் தள்ளுவண்டியை நம்பித்தான் ஊரைவிட்டு நகரத்துக்கு வந்திருக்கிறார்கள். குடியிருப்பும் பிழைப்பும் சேர்ந்ததுதான் வாழ்வுரிமை என்று 1985ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. காலி செய்யச் சொல்லும் அதிகாரத்தை அந்தத் தீர்ப்பு எடுத்துவிடவில்லை. ஆனால் நீங்கள் தூரத்தைக் காரணம் காட்டி வேறு குடியிருப்பு கேட்க அது நல்ல பிடி.

வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்று கவலைப்படாதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு ஃபோன் செய்யுங்கள். நோட்டீஸ், அடையாள அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், முத்திரை வாங்கிய மனு இவற்றின் அசல்களைக் காட்டிவிட்டு நகல்களை மட்டும் கொடுங்கள். நோட்டீஸ் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது போனால் அவர்களால் அதிகம் செய்ய முடியாது, இந்த வாரமே போய்விடுங்கள்.