அப்பா விட்டுச் சென்ற படகுப் பட்டறை: கையிலுள்ள பணத்தை முதலில் எதில் போடுவது?

கேள்வி: ஐயா, மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் பெர்ணம் ஆற்றங்கரையில் என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மரப் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை நடத்தி வந்தார். அதற்கு முன்பு தோட்டத்தில் தச்சராக இருந்தவர். படகைக் கரையேற்றும் பாதையைக்கூடத் தோட்டத்துச் சிறு ரயிலின் பழைய தண்டவாளங்களைக் கொண்டே போட்டார். சென்ற ஆண்டு அவர் காலமானார். இப்போது நானும் மூத்த தச்சர்கள் இருவரும் தொழிலைப் பார்க்கிறோம். மீனவர்களில் பலர் ஃபைபர் படகுக்கு மாறிவிட்டார்கள். கையில் 80,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. படகைத் தூக்கும் இயந்திரம் வாங்கலாம் என்கிறார் மைத்துனர். பழைய மரப் படகுகளுக்கு ஃபைபர் உறை போட்டுக் கொடுக்கலாம் என்கிறார் தச்சர்களில் ஒருவர். எதில் தொடங்குவது?

பதில்: இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆற்றங்கரைப் பட்டறைகளில் பெரும்பாலானவை டி.ஓ.எல். என்று நாம் சொல்லும், அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் உரிமத்தில்தான் நிற்கின்றன. உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் ஆண்டு முடிவோடு காலாவதியாகும், பிறருக்கு மாற்றித் தர முடியாது, உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் அத்துடன் முடிந்துவிடும். வீட்டையும் வண்டியையும் போல அது பிள்ளைக்கு வந்து சேராது. தந்தையார் பெயரில் கட்டணம் கட்டிய பழைய ரசீது கையில் இருப்பதால் மட்டும் நீங்கள் உரிமையாளர் ஆகிவிட மாட்டீர்கள். ஆகவே உங்கள் பெயரில் மாவட்ட நில அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள். ஆற்று ரிசர்வ், அதாவது கரையோர ஒதுக்கு நிலம் பற்றி வடிகால் நீர்ப்பாசனத் துறையையும் கேட்பார்கள். 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர் ரிசர்வ் என்பது அத்துறையின் வழிகாட்டி அளவு; பெர்ணம் ஆறு அந்த அளவைத் தாராளமாகத் தாண்டும்.

ஓராண்டு உரிமத்தில் நிற்கும் நிலத்தில், நாளை கழற்றி எடுத்துச் செல்ல முடியாத எதிலும் பெரும் பணத்தைப் புதைக்கக் கூடாது என்பதே என் கருத்து. தூக்கும் இயந்திரத்தை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான். அந்த இயந்திரம் ஓடுவதற்கு ஆற்றுக்குள் நீளும் இரண்டு கான்கிரீட் மேடைகள் வேண்டும். வண்டல் மண் கரையில் ஆழமாகத் தூண் இறக்காமல் அவை நிற்காது. உங்கள் தொகை தூணுக்கே போதாது. மைத்துனர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் இயந்திரத்தின் விலையை மட்டுமே கேட்டிருப்பார்.

தண்டவாளம், படகைத் தாங்கி அதன் மேல் ஓடும் தொட்டில், அதைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச் மூன்றும் கழற்றக்கூடியவை. பணம் முதலில் அங்கே போகட்டும். கணக்கு எளிதுதான். 20 டன் படகும் 4 டன் தொட்டிலும் சேர்ந்து 24 டன். பாதையின் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் ஏற்றுவதற்கு 2 டன் இழுவை வேண்டும். சக்கர உராய்வுக்கு நூற்றுக்கு ஐந்து என்று வைத்தால் இன்னும் 1.2 டன் சேர்ந்து 3.2 டன் ஆகிறது. சேறு படிந்த சக்கரம் முதலில் அசையும்போது இழுவை இதைவிடக் கூடும் என்பதால் 5 டன் வின்ச் வாங்குங்கள். கம்பிவடத்துக்கு ஐந்து மடங்கு பாதுகாப்பு வைப்பது வழக்கம்; 20 மில்லிமீட்டர் வடம் போட்டால் கவலையில்லை. மின்சாரம் நின்றால் தானாகப் பிடித்துக்கொள்ளும் பிரேக் வின்ச்சில் இருக்க வேண்டும். பழைய லாரி கியர்பாக்ஸைக் கொண்டு செய்த வின்ச்சுகளில் இது இருப்பதில்லை, பாதி ஏற்றத்தில் படகு பின்னோக்கி ஓடுவது அங்கேதான் நடக்கிறது.

தந்தையார் போட்ட தண்டவாளம் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வண்டிக்கென்று செய்தது. தொட்டிலுக்கு எட்டுச் சக்கரம் என்றால் சக்கரத்துக்கு 3 டன். தரை ஒரு பக்கம் அமிழ்ந்திருந்தால் ஒரே சக்கரத்தின் மேல் 6 டன்னும் இறங்கும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஓரிரு நாளில் நீர் வற்று மிக அதிகமாக இருக்கும்போது கீழ்முனைவரை நடந்து போய், இரண்டு தண்டவாளங்களின் உயரத்தையும் தண்ணீர் மட்டக் குழாயால் அளந்து பாருங்கள். தண்டவாளத்துக்கு அடியிலுள்ள கட்டைகளை நெருக்கிப் போட்டுச் சமப்படுத்தினால் போதுமா, கனத்த தண்டவாளமே வேண்டுமா என்பது அந்த அளவில் தெரிந்துவிடும்.

பழைய மரப் படகுக்கு ஃபைபர் உறை போடும் யோசனையை நான் ஏற்கவில்லை. மரப் பலகை தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். பாலியெஸ்டர் பிசினால் போடும் ஃபைபர் உறை அதனோடு சேர்ந்து அசையாது. செங்கால் போன்ற கனமும் எண்ணெய்ப் பசையும் உள்ள மரத்தை அந்தப் பிசின் சரியாகப் பற்றுவதுமில்லை. ஓர் ஆணித் துளை வழியாகவோ, மேல்தளத்தில் தேங்கும் மழைநீராகவோ ஈரம் உள்ளே இறங்கிவிட்டால் வெளியேற வழியின்றி மரத்தை உள்ளிருந்தே உளுக்கச் செய்யும். வெளியே பளபளவென்றிருக்கும் படகின் வங்குக்கால்களை (விலா எலும்பு போன்ற உள் சட்டங்களை) கையால் பிய்த்து எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். உறை போட்ட பிறகு கலப்பத்தும், அதாவது பலகை இடுக்குகளை நார் திணித்து அடைக்கும் வேலையும், பார்க்க முடியாது. மூத்த தச்சர் கொட்டாப்புளியால் பலகையைத் தட்டிக்கொண்டே போவாரே, நல்ல மரம் கணீரென்றும் உளுத்த மரம் பொத்தென்றும் சொல்லுமே, அந்தச் சோதனையும் உறைக்கு மேலே பலிக்காது. கெட்ட பலகையை மாற்றி, நாரைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் குழைத்த பற்றைப் பூசும் பழைய முறையே அந்தப் படகுகளுக்குச் சரி. பலகையை மாற்றும்போது விலை மலிவு என்று பால்மர (ரப்பர் மர) பலகையைத் தொடாதீர்கள். மேசை நாற்காலிக்கு அது நல்லது, தண்ணீரில் தாங்காது.

ஃபைபர் படகுகளைப் பழுதுபார்ப்பது வேறு வேலை, அதை அவசியம் எடுங்கள். இனி வருமானம் அங்கேதான். அதற்கு மரத்தூள் பறக்காத, போல்ட்டில் பூட்டிய தனிக் கூரை வேண்டும். ஒரு கிலோ பிசினுக்கு, அதை இறுகச் செய்யும் ஹார்ட்னர் 10 முதல் 20 கிராம். நம் வெயிலில் குறைந்த அளவே போதும். மழை விட்ட கையோடும் விடியற்காலைப் பனியிலும் பூசாதீர்கள், ஈரத்தின் மேல் பூசியது உரியும். ஒன்றை மட்டும் பெயிண்டால் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: ஹார்ட்னரையும், பிசின் இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் முடுக்கியையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, வெடிக்கும். முடுக்கியை முதலில் பிசினில் கலக்கிவிட்டு, அதன்பிறகே ஹார்ட்னரை ஊற்ற வேண்டும். முன்பே முடுக்கி கலந்த பிசினை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

படகின் அடிப்பாகப் பூச்சில் பெரும்பாலும் தாமிரம் கலந்திருக்கும். அதை அலுமினிய உடலிலும் அவுட்போர்ட் எஞ்சினின் காலிலும் பூசினால் அலுமினியம் அரித்துப்போகும். சுரண்டிய பெயிண்ட், கழிவு எண்ணெய், எண்ணெய்த் துணி ஆகியவை பட்டியலிடப்பட்ட கழிவுகள். 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அவற்றை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ பட்டறையில் வைத்திருக்கக் கூடாது. மூடிய பீப்பாயில் பெயர் ஒட்டி வைத்து, கழிவு எடுக்க உரிமம் பெற்றவரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். நில உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அந்த ரசீதுகள் உங்களுக்காகப் பேசும்.

கடைசியாக, தச்சர்கள் இருவருக்கும் வயதாகிவிட்டது என்பதால் ஒரு வேலை. தெரெங்கானுவின் பூலாவ் டூயோங்கில் வரைபடமே இல்லாமல் முதலில் பலகைகளைக் கூட்டிப் பிறகு வங்குக்கால் வைப்பார்கள். அளவு முழுவதும் கண்ணிலும் கையிலும்தான் இருக்கும். உங்கள் பட்டறையிலும் அப்படித்தான் இருக்கும். அடுத்த மரப் படகு கரையேறியதும், பலகையைக் கழற்றும் முன்பு ஏராவிலிருந்து (படகின் அடிக்கட்டையிலிருந்து) ஒவ்வொரு வங்குக்காலின் வளைவையும் பிளைவுட்டில் வெட்டி எடுத்து, அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை எண் போட்டுக் கூரையடியில் மாட்டி வையுங்கள். எந்த இடத்தில் எந்த மரத்தை, எதற்காக வைத்தார் என்று தச்சர் சொல்வதையும் அந்தப் பிளைவுட்டிலேயே எழுதுங்கள்.