வாசகர் கேள்வி பதில்: பழைய வீடும் தச்சு வேலையும்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு இருக்கிறது. கூரையில் ஓட்டைத் தாங்கும் சாய்வுக் கட்டைகளான கைமரங்கள் சிலவற்றைக் கரையான் அரித்துவிட்டது. பின்வாசல் நிலையின் கால்கள் அடியில் மக்கிவிட்டன. பக்கத்தில் புதிதாக ஓர் அறை எடுப்பதால், அதற்கு ஒரு நிலையும் இரண்டு ஜன்னல்களும் வேண்டும். உள்ளூர்த் தச்சர் ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகைக்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். மற்றொருவர் தினக்கூலிக்குத்தான் வருவேன் என்கிறார். யாரிடம் வேலையை ஒப்படைப்பது? (திருநெல்வேலி மாவட்ட வாசகர்)

பதில்: ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புதிய நிலைக்கும் ஜன்னல்களுக்கும் அளவு, மரம், இணைப்பு ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட முடியும் என்பதால், அவற்றை மொத்தமாகப் பேசிக் கொடுப்பதே இரு தரப்புக்கும் நல்லது. கூரைப் பழுது அப்படிப்பட்டதல்ல. ஓட்டைப் பிரித்து இறக்கும்வரை எத்தனை கைமரம் போயிருக்கிறது, கூரையைத் தாங்கும் பெரிய கட்டையான உத்தரம் சுவருக்குள் அமர்ந்திருக்கும் முனை எந்த நிலையில் இருக்கிறது என்பதை எந்தத் தச்சராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. அதற்கு ஒரே தொகை பேசினால், அவர் பயந்து அதிகமாகக் கேட்பார். அல்லது குறைவாகக் கேட்டுவிட்டு, அரைகுறையாக அரித்த மரத்தை அப்படியே விட்டு ஓட்டைப் போட்டு மூடிவிடுவார். எனவே பழுது வேலையைத் தினக்கூலிக்கு விடுங்கள். கூரையின் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்த்த பிறகு, எத்தனை நாள் ஆகும் என்பதை இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

நிலையைப் பொறுத்தவரை, முழுவதையும் பெயர்த்தெடுக்கச் சொல்பவரிடம் ஒருமுறைக்கு இருமுறை காரணம் கேளுங்கள். தரையோடு ஒட்டிய பகுதியே ஈரம் ஏறி முதலில் மக்கும்; மேலே மரம் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்கும் இடம் நல்ல மரம், பொத்தென்று கேட்கும் இடம் உள்ளே பொள்ளல். மக்கிய ஒன்று அல்லது ஒன்றரை அடியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அதே வகை மரத்தில் சாய்வான ஒட்டுப் போட்டுத் திருகாணியும் பசையும் கொண்டு இணைப்பது நல்ல தச்சருக்குத் தெரிந்த வேலைதான். நிலையைப் பெயர்த்தால் சுவர் உடையும், கொத்தனாரும் வர வேண்டியிருக்கும். அந்தச் செலவு யாருடையது என்பது பெரும்பாலும் பேசப்படாமலே விடுபட்டு, பிறகு சச்சரவாகிறது.

இனி ஆளைப் பற்றி. அவர் வேலை செய்த, ஒரு மழைக்காலமாவது கடந்த வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே நிலையின் மேல் மூலைகளில், ஒரு கட்டையின் செதுக்கிய முனை மற்றதன் துளைக்குள் இறங்கும் இடத்தில், இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருந்தால் கூர்ந்து பார்த்தால் புலப்படும். கதவைப் பாதி திறந்து கையை எடுத்துவிடுங்கள். அது தானாகவே நகர்ந்தால் நிலை தூக்குக்குண்டுக்கு (செங்குத்து பார்க்க நூலில் தொங்கவிடும் குண்டு) நேராக நிற்கவில்லை, அல்லது கீல்கள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள். கூலி குறைவு என்பதைவிட இந்தச் சோதனை எவ்வளவோ மேலானது.

கூரைமேல் ஏறுபவர் ஒரு குடும்பத்தின் பிழைப்பைத் தாங்குபவர் என்பதால் இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். உறுதியான சாரம் கட்டாமலும், பிரிக்கும் பகுதிக்கு முட்டுக் கொடுக்காமலும் வேலையைத் தொடங்க விடாதீர்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் தச்சர்களும் பதிவு செய்துகொள்ளலாம். அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் பதிவு செய்யத் தூண்டுங்கள்.

கேள்வி: மரத்தை நாங்கள் வாங்கித் தருவதா, தச்சரையே வாங்கச் சொல்வதா? கன அடிக் கணக்கு எங்களுக்குப் புரிவதில்லை. (கும்பகோணம் வாசகி)

பதில்: கணக்கு எளிது. நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்து மூன்றையும் பெருக்கி, 144 ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். 7 அடி உயரமும் மூன்றரை அடி அகலமும் கொண்ட வாசலுக்கு, 5 அங்குலத்துக்கு 3 அங்குலக் கட்டையில் நான்கு பக்கமும் நிலை செய்வதாக வைத்துக்கொள்வோம். இரு கால்களும் மேலும் கீழும் சேர்ந்து 21 அடி. 21 × 5 × 3 என்பது 315. அதை 144 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.2 கன அடி. வெட்டுச் சேதத்துக்குச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். ஒரே நிலைக்கு நான்கு கன அடி என்று சீட்டு வந்தால் விளக்கம் கேட்கத் தயங்காதீர்கள்.

தச்சரை உடன் அழைத்துக்கொண்டு நீங்களே மரக்கடைக்குப் போவதும், பணத்தை நேரடியாகக் கடையில் கொடுத்து உங்கள் பெயரில் ரசீது வாங்குவதும் மிகச் சிறந்த வழி. கட்டையின் ஓரத்தில் வெளிறிய பகுதி, அதாவது தச்சர்கள் வெள்ளை என்று சொல்வது, தேக்காகவே இருந்தாலும் கரையானுக்கு இரையாகும்; அதைத் தவிருங்கள். மீதிக் கட்டைகள் யாருக்கு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். நிலை வந்தபின், சுவரைத் தொடும் பக்கத்துக்குத் தாரோ மரக்காப்புப் பூச்சோ பூசாமல் நிறுத்த விடாதீர்கள். நிலையைச் சுவரோடு பிணைக்க, பக்கத்துக்கு மூன்று இரும்புப் பிடிகள் இருக்க வேண்டும்.

கேள்வி: ஐப்பசியில் கதவுகள் நிலையோடு இறுகிக்கொள்கின்றன. உடனே இழைக்கச் சொல்லலாமா? (கடலூர் வாசகர்)

பதில்: வேண்டாம். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் மரம் உப்புகிறது. தை, மாசியில் சுருங்கும். இப்போது இழைத்தால் கோடையில் சந்து விழும். முதலில் கீல் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள், அதிலேயே பாதி வீடுகளில் குறை தீர்ந்துவிடும். தை பிறந்தும் உராய்ந்தால் இழைக்கச் சொல்லி, இழைத்த விளிம்போடு கதவின் மேல் கீழ் முனைகளுக்கும் வண்ணமோ வார்னிஷோ பூசச் சொல்லுங்கள். பூச்சில்லாத அந்த முனைகள் வழியாகத்தான் மரம் ஈரத்தை மிகுதியாகக் குடிக்கிறது.

கேள்வி: முன்பணம் வாங்கிய தச்சர் பாதி வேலையில் நின்றுவிட்டார். செய்த ஜன்னல்களும் கோணலாக இருக்கின்றன. என்ன செய்யலாம்? (மதுரை வாசகி)

பதில்: வேறு ஆளை விட்டுச் சரிசெய்யும் முன், ஜன்னல்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்பதை ரசமட்டம் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்துத் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, செய்த வேலை, கொடுத்த தொகை, மீதி வேலை மூன்றையும் குறிப்பிட்டு, முடிக்க ஒரு தேதி சொல்லி விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். பெரும்பாலானோர் இந்தக் கட்டத்திலேயே வந்துவிடுவார்கள். வேறோர் இடத்தில் வேலை குவிந்ததுதான் பல நேரங்களில் காரணம். அப்படியும் வராவிட்டால், கூலி கொடுத்துப் பெறும் ஒப்பந்த வேலையில் ஏற்படும் குறைபாட்டுக்கு 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் ஆலோசனை பெறலாம். இனி வேலை கொடுக்கும்போது மரம் வந்ததும் ஒரு பகுதி, நிலை நிறுத்தியதும் ஒரு பகுதி என்று பிரித்துக் கொடுத்து, கடைசிப் பகுதியைக் கதவும் ஜன்னலும் தடையின்றித் திறந்து மூடுவதைப் பார்த்த பிறகு கொடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் அவருடைய கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.