ஒடிசா, பீகார் ஆட்களோடு ஒரே கொட்டகையில் தங்கினால் எச்.ஐ.வி. ஒட்டுமா? (சென்னை சைட் மேஸ்திரி ஒருவரின் கேள்வி)
ஒட்டாது. ஒரே தட்டு, ஒரே கக்கூஸ், கொசுக்கடி எதனாலும் பரவாது. யாருக்கு எந்த ஊர் என்பதிலும் ஒன்றுமில்லை. ஆணுறை இல்லாத உறவும் ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவதும்தான் ஆபத்து.

சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு வெளியே கிளம்புகிறவரிடம் ஒழுக்கம் பேசிப் பயனில்லை, ஆணுறையைக் கொடுங்கள். அது கிழிந்துவிட்டதா? 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய தடுப்பு மாத்திரை உண்டு, உடனே அரசு மருத்துவமனையில் கேளுங்கள். 28 நாள் சாப்பிட வேண்டும்.

நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) பரிசோதனை இலவசம். ஆனால் சம்மதமில்லாமல் யாரையும் சோதிக்க 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் விடாது, மேஸ்திரி சொன்னாலும் சரி. தொற்று இருந்தால் மாத்திரையும் இலவசம். சைட் மாறினால் சிகிச்சையை அந்த ஊர் ஏ.ஆர்.டி. மையத்துக்கு (எச்.ஐ.வி. மாத்திரை தரும் மையம்) மாற்றிக்கொள்ளலாம். சந்தேகத்துக்கு எய்ட்ஸ் உதவி எண் 1097, இந்தியிலும் பேசுவார்கள்.