பழைய ஹைலக்ஸுக்குப் பெரிய எஞ்சின் போடலாமா?

கேள்வி: என்னிடம் 2எல் என்ற மாதிரி டீசல் எஞ்சினோடு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கெப் ஒன்று இருக்கிறது, நாலு சில்லும் இழுக்கிற வகை. மாரியில் நெல் மூட்டை ஏற்றினால் வயல் பாதையில் ஏற மறுக்கிறது. 1கேஇசட் என்ற பெரிய எஞ்சின் போட்டுத் தருகிறேன், பதிவுப் புத்தகத்தைப் பிறகு பார்ப்போம் என்கிறார் ஒரு தரகர். நம்பலாமா? – வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: நம்ப வேண்டாம், தம்பி. 1கேஇசட்டும் வேண்டாம்.

முதலில் இருக்கிற எஞ்சினைப் பாருங்கள். கைப்பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் போட்டுக் கிளச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் நின்றால் கிளச் நல்லது. நிற்காமல் இரைந்தால் குறை கிளச்சில்தான். வடிவுக்காகப் பெரிய டயர் மாட்டியிருந்தால் இழுவையை அதுவே தின்றுவிடும். டீசல் பீச்சும் நொசிலையும், சிலிண்டருக்குள் அழுத்தம் (கொம்பிரசன்) சரியா என்பதையும் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும்.

அதற்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டுமென்றால் 3எல் அல்லது 5எல் போடுங்கள். உங்களுடையது 2446 சிசி, 3எல் 2779, 5எல் 2986. மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் பழைய கியர்பொக்ஸோடு பெரிய வெட்டுக்கொத்து இல்லாமல் சேரும். 1கேஇசட்டுக்கு டேர்போ உண்டு, இழுவையும் அதிகம். ஆனால் கியர்பொக்ஸ் முகப்பு பொருந்தாது. கணினியால் ஓடுகிற வகையென்றால் வயரிங் முழுவதும் வேண்டும். பாதியாக வெட்டி இறக்குமதி செய்கிற வாகனத்தில் (ஹாஃப் கட்) அந்த வயர்கள் பெரும்பாலும் அறுந்தே வரும். சூடேறினால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வெடிப்பதும் அந்த எஞ்சினின் தெரிந்த நோய்.

சூடேற்றுவது பாதி நேரம் நம்முடைய தண்ணீர்தான். வன்னிக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிய கேத்தலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகக் காறை பிடித்திருக்கும். ரேடியேற்றருக்குள்ளும் அதேதான் நடக்கிறது. எந்த எஞ்சின் போட்டாலும் கிணற்றுத் தண்ணீரை விட்டுக் கூலன்ற் என்ற குளிர்விக்கும் திரவத்தை ஊற்றுங்கள்.

இனிப் புத்தகம். எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது, மாறினால் மாற்றி எழுத வேண்டும். அதே 2எல்லைத்தானே போடுகிறோம், எழுதத் தேவையில்லை என்று கராஜில் சொல்வார்கள். அது பிழை. இலக்கம் அடித்திருப்பது எஞ்சினின் முக்கிய உடலான புளொக்கில். ஹெட், பிஸ்டன், கிராங்க் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாலும் புளொக் பழையதென்றால் எழுத ஒன்றுமில்லை. புளொக் மாறினால், அதே மாதிரி, அதே சிசி, அதே கம்பனி என்றாலும் இலக்கம் வேறு, எழுதியே ஆக வேண்டும். இதை நான் நூறு தரம் சொல்லிவிட்டேன், இன்னும் ஆட்கள் வீதிச் சோதனையில் நின்று முழிக்கிறார்கள். காப்புறுதிக்காரருக்கும் அறிவியுங்கள்.

ஒரு இலக்கத்தைத் திருத்த ஒட்டுசுட்டான் விவசாயியை 300 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புவரை ஓடவைப்பது அநியாயம். மாவட்டத்தில் மோட்டார் வாகனப் பரிசோதகர் இருக்கிறார், கணினி இருக்கிறது, ஏன் இங்கேயே முடிக்க முடியாது? இந்த அலைச்சல்தான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது. ஆனாலும் எஞ்சினை இறக்க முதலே மாவட்டப் பரிசோதகரிடம் போய் என்னென்ன பத்திரம் வேண்டுமென்று கேட்டு எழுதி வாருங்கள்.

வாங்கப் போகும்போது தின்னரில் நனைத்த துணியால் இலக்கத்தைத் துடையுங்கள். 3எல் என்றால் இலக்கம் 3எல் என்றே தொடங்கும். 2எல்லை 3எல் என்று விற்கிறவர்கள் தாராளம். அரம் போட்ட கீறலோ, எழுத்துகளில் ஏற்ற இறக்கமோ கண்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வாருங்கள், களவு எஞ்சினாக இருக்கலாம். எண்ணெய் மூடியின் அடியில் பால் போலப் படிந்திருந்தாலும் வேண்டாம், எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

விற்றவரின் பற்றுச்சீட்டும் சுங்கப் பத்திரப் பிரதியும் கையில் வராமல் காசு கொடுக்காதீர்கள். பிறகு தருகிறேன் என்றால் அந்தப் பத்திரம் இல்லை என்றுதான் பொருள். தரகரே வேலையைச் செய்வதானால், புதிய இலக்கம் புத்தகத்தில் ஏறும்வரை ஒரு பகுதிப் பணத்தை உங்களிடமே வைத்திருங்கள்.