படிக்கட்டு விளக்கும் டூவே ஸ்விட்சும்: வாசகர் கேள்விகள்

தரைத்தளமும் மூன்று மாடியும். படிக்கட்டில் வரிசையாக ஆறு எல்.இ.டி. விளக்கு. எந்தத் தளத்திலிருந்தும் மொத்தமாக அணைக்க வேண்டும். நான்கு டூவே ஸ்விட்ச் வாங்கிவிட்டேன். போதுமா? (பெரம்பூர்)

போதாது. ஒரு விளக்கை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்கத்தான் டூவே, அது இரு கோடியில் மட்டும்தான். நடுவில் உள்ள இரண்டு தளத்துக்கும் இன்டர்மீடியட் ஸ்விட்ச் (நான்கு முனை உள்ளது) வேண்டும். பேஸ் ஒயர் முதல் டூவேயின் காமனுக்கு (மூன்று முனையில் பொதுவானது) போகட்டும். அதன் மற்ற இரு முனையிலிருந்து இரண்டு ஒயர் இன்டர்மீடியட்டின் ஒரு ஜோடிக்கு. மறு ஜோடியிலிருந்து இரண்டு ஒயர் அடுத்த தளத்துக்கு. கடைசி டூவேயின் காமனிலிருந்து ஒரே ஒயர் விளக்குகளுக்கு. ஆறையும் பேரலலில் இணையுங்கள். நியூட்ரல் எந்த ஸ்விட்சுக்கும் போகாமல் நேராக விளக்குக்கு வர வேண்டும். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரும் 6 ஆம்பியர் ஸ்விட்சும் தாராளம். காமன் எதுவென்று ஸ்விட்சின் முதுகில் பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் இரண்டு டூவேயும் சாதாரண ஸ்விட்சாக உதவும்.

வைஃபை ஸ்விட்ச் ஆன்லைனில் வாங்கினேன். நியூட்ரல் கேட்கிறது, என் ஸ்விட்ச் பாக்ஸில் இல்லை. (அண்ணாநகர்)

பாக்ஸைத் திறந்து பார்த்த பிறகு வாங்கியிருக்க வேண்டும். திருப்பி அனுப்புங்கள்.

பில் இல்லாமல் பாரிமுனையில் மலிவாக வாங்கிய ஸ்விட்ச் சூடாகிறது. மாற்றித் தருவார்களா? (ஆவடி)

எதைக் காட்டிக் கேட்பீர்கள்? ஜிபே செய்திருந்தால் அந்தப் பதிவு ஒரு பிடி. எப்படியானாலும் அந்த ஸ்விட்சை இன்றே கழற்றிவிடுங்கள். முத்திரை பார்க்காமல் வாங்கிய ஸ்விட்சுகளை நானும் தூக்கிப் போட்டிருக்கிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஸ்விட்சுக்கான தர எண் ஐ.எஸ். 3854, தயாரிப்பாளரின் உரிம எண்ணான சி.எம்/எல் எண் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிச் சரிபார்க்கலாம்.

மூன்று இடத்திலிருந்து அணைக்க எலக்ட்ரீஷியன் இன்டர்மீடியட்டுக்குப் பணம் வாங்கி பில்லும் கொடுத்தார். நடு ஸ்விட்ச் சில நேரம்தான் வேலை செய்கிறது. கேட்டால் ‘அப்படித்தான் இருக்கும்’ என்கிறார். (மயிலாப்பூர், ஓய்வுபெற்ற ஆசிரியை)

அப்படி இருக்காது அம்மா. சரியான இணைப்பில் எந்த ஸ்விட்சைத் தட்டினாலும் விளக்கு மாற வேண்டும். தவறு உங்களுடையது அல்ல. மெயினை அணைத்துவிட்டு, நம்பிக்கையான ஒருவரை வைத்து நடு ஸ்விட்சைக் கழற்றிப் பாருங்கள். நான்கு முனை இருந்தால் இன்டர்மீடியட், மூன்றே இருந்தால் டூவே. மூன்று என்றால் படம் எடுத்து, பில்லின் படத்துடன் வாட்ஸ்ஆப்பில் அவருக்கு எழுதிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

படிக்கட்டு விளக்குக்கு மேலே ஒரு டூவே, கீழே ஒரு டூவே. மேலும் கீழும் பேஸ், நியூட்ரல் இரண்டும் இருப்பதால் அங்கங்கே எடுத்துக்கொண்டால் ஒயர் மிச்சம் என்கிறார் எலக்ட்ரீஷியன். சரியா? (வேளச்சேரி)

தவறு. சென்னையில் எத்தனையோ வீடுகளில் இதைச் செய்துவைத்திருக்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். இந்த முறையில் ஒவ்வொரு ஸ்விட்சின் இரு முனையிலும் பேஸும் நியூட்ரலும் நிற்கும். காமன்கள் விளக்கின் இரு முனைக்கும் போகும். இரண்டு ஸ்விட்சும் பேஸ் பக்கம் இருந்தால் விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரின் இரு முனையிலும் 230 வோல்ட் இருக்கும். அணைத்துவிட்டோமே என்று பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு ஷாக். மூன்று பேஸ் வீட்டில் மாடிக்கு ஒரு பேஸ், கீழே வேறு பேஸ் என்றால் அதே நிலையில் விளக்குக்குச் சுமார் 400 வோல்ட் போய் அது வெடிக்கலாம். ஸ்விட்சுக்குள் காண்டாக்ட் தேய்ந்தால் பேஸும் நியூட்ரலும் சேர்ந்து ஷார்ட் ஆகும். மிச்சமாவது ஒன்றிரண்டு ஒயர்தான். ஏற்கெனவே செய்திருந்தால், எலக்ட்ரீஷியனை விட்டு ஸ்விட்சுகளின் நான்கு நிலையிலும் ஹோல்டரை டெஸ்டரால் பார்க்கச் சொல்லுங்கள். சரியான இணைப்பில் ஒரு முனையில் டெஸ்டர் எப்போதும் எரியாது. இரு முனையும் மாறி மாறி எரிந்தால் பிரித்து மாற்றுங்கள்.

அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக எரிகிறது. (தாம்பரம்)

முதலில் ஸ்விட்ச் நியூட்ரலில் போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேஸில்தான் இருக்கிறது என்றால், டூவே ஒயர்கள் நீளமாக ஒட்டி ஓடுவதால் கசியும் சிறு மின்சாரம் அது. விளக்கின் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட், எக்ஸ்2 கெபாசிட்டர் போட்டால் நின்றுவிடும்.