எம்.எல்.ஏ.விடம் மார்பின் மாத்திரை பற்றிப் பேசலாமா?

கேள்வி: அரசு தாலுகா மருத்துவமனையில் மருத்துவராக இருக்கிறேன். கீமோ முடிந்து ஊர் திரும்பும் புற்றுநோயாளிகள் சிலர், கடைசி மாதங்களில் வலி தாங்காமல், அபின் வகையைச் சேர்ந்த வலி நிவாரணியான மார்பின் (morphine) மாத்திரைக்காகச் சென்னைக்கு பஸ் ஏறுகிறார்கள். எங்கள் எம்.எல்.ஏ.வைப் பார்த்து, இந்த மருந்தைக் கட்டுப்படுத்தும் போதைப்பொருள் சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? அரசு ஊழியர் என்பதால் சிக்கல் வருமா?
– ஒரு பெண் மருத்துவர், வட மாவட்டம்

பதில்: எம்.எல்.ஏ.வைத் தாராளமாகப் பாருங்கள் டாக்டர். ஆனால் சட்டத்தை மாற்றச் சொல்லாதீர்கள். அது நாடாளுமன்றத்தின் சட்டம், 2014-லேயே மாறியும்விட்டது. 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்ததும், சிறைக்குப் பயந்து பல மருத்துவமனைகள் மார்பின் வாங்குவதையே நிறுத்தின. துணிந்து வாங்க நினைத்தவர்கள் நாலைந்து உரிமங்களுக்கு அலைந்தார்கள். கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரோடு சேர்ந்தவர்களும் 1990களிலிருந்தே அதிகாரிகளை விடாமல் பார்த்துப் பேசி, நீதிமன்றம் வரை போனார்கள். 2014 பிப்ரவரியில் திருத்தம் நிறைவேறியது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரமும், வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும் இருந்தால் போதும்.

அப்புறமும் மாத்திரை ஏன் கிடைக்கவில்லை? அங்கீகாரம் இல்லையா, பயிற்சி பெற்ற ஆள் இல்லையா, மருந்து கேட்டு இண்டென்ட் (கோரிக்கைப் படிவம்) போட்டும் சரக்கு வரவில்லையா? முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். ‘புற்றுநோய் சிகிச்சையை மேம்படுத்துங்கள்’ என்று மனு கொடுத்தால், அதை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்று எம்.எல்.ஏ.வுக்கே தெரியாது. ‘மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மார்பின் மாத்திரை எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும், இரண்டு மருத்துவர்களைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும்’ என்று கேட்டால், அவர் உங்கள் எதிரிலேயே போனை எடுக்கலாம்.

சிக்கல் வருமா என்றால், அரசைப் பொதுவெளியில் குறை சொல்ல நடத்தை விதிகள் இடம் தருவதில்லை. அதனால் உங்கள் மேலதிகாரியான மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநருக்கு முதலில் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மனுவை மருத்துவர் சங்கம் கொடுக்கட்டும். நோயாளிகளின் குடும்பத்தார் கொடுத்தால் இன்னும் நல்லது. அவர்களுக்கு எந்த விதியும் குறுக்கே நிற்காது, ஓட்டும் அவர்களிடம் இருக்கிறது.

எப்போது போவது என்பது முக்கியம். பட்ஜெட்டுக்குப் பிறகு சட்டமன்றத்தில் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறையின் செலவுக்கும் ஒப்புதல் கேட்கும் விவாதம், நடக்கும். சுகாதாரத் துறையின் முறை வரும்போது புதிய அறிவிப்புகளும் வரும். அதற்கு ஓரிரு மாதம் முன்பே பாருங்கள். விவாதம் தொடங்கிய பிறகு கொடுக்கும் மனு உதவியாளரின் மேசையிலேயே தங்கிவிடும்.

தமிழில் ஒரே பக்கம் போதும். மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து கடந்த ஆண்டு எத்தனை பேரை வெளியூர் அனுப்பினீர்கள் என்ற எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும், பெயர்கள் வேண்டாம். ‘போதை மருந்தாச்சே, பழகிவிடாதா?’ என்று அவர் நிச்சயம் கேட்பார். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும்போது அந்த ஆபத்து குறைவு என்றும், உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மார்பின் இருக்கிறது என்றும் சொல்லுங்கள். கூடவே மாத்திரையின் விலையையும் சென்னைக்குப் போய்வரும் பஸ் செலவையும் சொல்லிவிடுங்கள்.