நேவிய வச்சு எடுத்த காமெடி படங்கள்ல, கப்பல்ல வேலை பாத்தவங்களே "ஆமா, இப்படித்தான் இருக்கும்"னு ஒத்துக்கிற படம் ஏதாவது இருக்கா?

இருக்கு. 1959ல வந்த 'ஆபரேஷன் பெட்டிகோட்'. கேரி கிராண்ட், டோனி கர்ட்டிஸ் நடிச்சது, டைரக்டர் பிளேக் எட்வர்ட்ஸ். பேரப் பாத்து வேற மாதிரி படம்னு நினைச்சுடாதீங்க, நான் பாத்ததே எங்க அப்பா கூட உக்காந்துதான்.

அப்பா தூத்துக்குடிக்காரர், 22 வருஷம் சரக்குக் கப்பல்ல இஞ்சின் ரூம் வேலை. ரிட்டயர் ஆகி எங்ககூட இருக்க சான் ஹோசே வந்தப்ப எங்க கூட்டிட்டுப் போனாலும் ஒரு "ம்", அவ்ளோதான், கோல்டன் கேட் பாலத்துக்கும் அதே "ம்". சரி கப்பலக் காட்டினா வாயத் திறப்பாருன்னு சான் ஃபிரான்சிஸ்கோ ஃபிஷர்மேன்ஸ் வார்ஃப்ல மியூசியமா நிக்கிற பம்பானிட்டோ சப்மரீனுக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டாம் உலகப் போர்ல ஓடினது, 95 மீட்டர் நீளம், அதுக்குள்ள 80 பேர் மாசக்கணக்கா இருந்திருக்காங்க. உள்ள இறங்கினதும் டீசல் வாசனை மூஞ்சில அடிச்சது, அப்பா முகம் அப்பவே மாறிடுச்சு.

அங்க வாலண்டியரா ஒரு வயசானவர் சுத்திக் காட்டினார், 1950கள்ல இதே டைப் சப்மரீன்ல வேலை பாத்தவராம். டார்பிடோ, பெரிஸ்கோப்னு நான் ஆவலா கேட்டுட்டு இருந்தா மனுஷன் நேரா கக்கூஸ்க்குக் கூட்டிட்டுப் போயிட்டார். ஒரு பீரோ அளவு இடம், சுத்தி வால்வா வால்வா இருக்கு. சப்மரீன் தண்ணிக்குள்ள இருக்கறப்ப வெளில கடல் அழுத்தம் ஜாஸ்தி, அதனால காத்த ஏத்தி அந்த அழுத்தத்துக்கு எதிரா வெளிய தள்ளணும், எந்த வால்வ முதல்ல மூடணும் எத அப்புறம் திறக்கணும்னு வரிசை இருக்கு, அது மாறிச்சுன்னா போனதெல்லாம் திரும்பி மூஞ்சிக்கே வந்துரும். புதுசா வர்ற பசங்க எல்லாருக்கும் ஒரு தடவையாவது நடந்துருமாம். அப்பா சிரிச்ச சிரிப்பு அந்த இரும்புக் கூண்டு பூரா எதிரொலிச்சுது. அந்த வாலண்டியர்தான் இந்தப் படத்தப் பத்தி சொன்னார், பாத்ததே சப்மரீனுக்குள்ள சாப்பாட்டு மேசைல உக்காந்து 16 எம்.எம். ப்ரொஜெக்டர்லயாம். டாய்லெட் பேப்பர் சீன் வந்தப்ப ஒருத்தன் எழுந்து நின்னு சல்யூட் அடிச்சானாம்.

வீட்டுக்கு வந்து செருப்பக்கூட கழட்டல, "ஏல, அந்தப் பெரியவர் சொன்ன படத்தப் போடு"ன்னார் அப்பா.

கதை சிம்பிள். 1941 டிசம்பர், பிலிப்பைன்ஸ். சீ டைகர்னு ஒரு சப்மரீன ஜப்பான் விமானங்க குண்டு போட்டு கரையிலயே முக்கிடுது. கேப்டன் கேரி கிராண்ட் எப்படியாவது அத மிதக்க வச்சு ஓட்டிட்டுப் போகணும்னு நிக்கிறார், ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது. அப்ப வந்து சேர்றான் டோனி கர்ட்டிஸ், யூனிஃபார்ம் நல்லாருக்குன்னு நேவில சேர்ந்த ஆளு, ஆனா திருட்டுல மன்னன். புத்தாண்டு விருந்துக்கு ஒரு பன்னியத் திருடி அதுக்கு மாலுமி டிரஸ் மாட்டி, குடிச்சுட்டு மட்டையான மாலுமின்னு சொல்லி போலீஸ தாண்டிக் கொண்டு வர்ற சீன் இருக்கே, எங்க அப்பா ரீவைண்ட் பண்ணி மூணு தடவ பாத்தார். அப்புறம் பெயின்ட் அடிக்க சிவப்பு பிரைமரும் பத்தல வெள்ளையும் பத்தலன்னு ரெண்டையும் கலந்துடறாங்க, கப்பல் பிங்க் ஆயிடுது, மேல சாம்பல் கலர் அடிக்கிறதுக்குள்ள மறுபடி விமானத் தாக்குதல், அப்படியே பிங்க்லயே கடலுக்கு ஓடறாங்க. கூடவே அஞ்சு ராணுவ நர்ஸுங்க வேற.

இதெல்லாம் சும்மா ரீல்னு நினைச்சேன். படம் முடிஞ்சு தேடிப் படிச்சா பாதி நிஜம்! படத்துல கேப்டன் டாய்லெட் பேப்பர் கேட்டு லெட்டர் எழுதற சீன், நிஜத்துல ஸ்கிப்ஜாக் சப்மரீன் கேப்டன் ஜேம்ஸ் கோ எழுதின லெட்டர். 1941 ஜூலைல 150 ரோல் கேட்டிருக்காங்க, "என்ன பொருள்னே தெரியல, ரத்து"ன்னு ஸ்டோர்ல இருந்து ஸ்டாம்ப் குத்தி திருப்பி வந்திருக்கு. மனுஷன் 1942 ஜூன்ல ஒரு துண்டு பேப்பர சாம்பிளா இணைச்சு, இத்தன மாசமா உங்க ஸ்டோர்ல இதுக்குப் பதிலா என்ன யூஸ் பண்றீங்கன்னு கேட்டு பதில் போட்டார். அந்த கோ 1943ல சிஸ்கோங்கிற சப்மரீனோட மொத்தமா கடலுக்குள்ள போயிட்டார், ஒருத்தர்கூட திரும்பல. அதப் படிச்சப்புறம் அந்த சீன் பாக்கறப்ப சிரிப்பு வருது, பாதில நின்னுடுது.

பிங்க் கலரும் அப்படித்தான். 1941 டிசம்பர் 10 பிலிப்பைன்ஸ்ல கவிட்டே துறைமுகத்துல குண்டு விழுந்தப்ப சீட்ராகன் சப்மரீனோட கருப்பு பெயின்ட் வெந்து உரிஞ்சு உள்ள இருந்த சிவப்பு பிரைமர் வெளில தெரிஞ்சுது, அது சிவப்புக் கப்பலாவே சுத்திச்சு. நர்ஸுங்களும் நிஜம், 1942 மே மாசம் அங்க கொரெகிடோர் தீவு ஜப்பான்கிட்ட விழறதுக்கு மூணு நாள் முன்னாடி ஸ்பியர்ஃபிஷ் சப்மரீன் வந்து ராணுவ நர்ஸுங்கள ஏத்திட்டுப் போச்சு. படத்துல டார்பிடோ குறி தப்பி கரையேறி ஒரு லாரிய வெடிக்க வைக்கும், "லாரிய முக்கிட்டோம்"னு கத்துவாங்க, அத மட்டும் நான் நம்பவே இல்ல. 1944ல போஃபின் சப்மரீன் விட்ட டார்பிடோ கப்பல் நிறுத்துற துறையில அடிச்சு அங்க நின்ன பஸ் நொறுங்கிப் போயிருக்கு!

டோனி கர்ட்டிஸ் நிஜத்துலயே நேவில இருந்தவர், ப்ரோட்டியஸ்னு சப்மரீன்களுக்கு சப்ளை பண்ற கப்பல்ல. 1943ல வந்த 'டெஸ்டினேஷன் டோக்கியோ'ல கேரி கிராண்ட் பெரிஸ்கோப் பாக்கறதப் பாத்து மயங்கித்தான் நேவில சேர்ந்தாராம். அப்புறம் அதே ஆளு கூட சப்மரீன் படம்னா சும்மா விடுவாரா.

படத்துல குறை இல்லாம இல்ல. ரெண்டாவது பாதில பொம்பளைங்க வழில நின்னா ஆம்பளைங்க இடிச்சுக்கறதுன்னு ஒரே ஜோக்க இழுத்துட்டே இருக்காங்க, இன்னிக்குப் பாத்தா கடுப்பா இருக்கும், அப்பாவே தூங்கிட்டார். ஆனா அந்த நர்ஸ் மேஜரம்மா இஞ்சின்ல உடைஞ்ச வால்வு ஸ்பிரிங்குக்கு பதிலா தன்னோட இடுப்பு இறுக்கிற கர்டில கட்டி ஓட வைக்கிற சீன் வந்ததும் எப்படித்தான் முழிச்சாரோ, நிமிந்து உக்காந்துட்டார்.

"நாங்களும் போட்ருக்கோம்ல" ன்னார். கர்டிலான்னு கேட்டேன். இல்லையாம், ஒரு தண்ணி லைன்ல கசிவு அடைக்கிற கேஸ்கெட் போயிடுச்சு, ஷீட் ஸ்டாக் இல்ல, பழைய சார்ட் பேப்பரு, அதான் கடல் மேப்பு, கெட்டியா இருக்கும்னு ஒண்ண உருவி கிரீஸ் தடவி வெட்டிப் போட்டாங்களாம், சூப்பரா நின்னுச்சாம். ரெண்டு நாள் கழிச்சு செகண்ட் ஆபீசர் இஞ்சின் ரூமுக்கே இறங்கி வந்து ஒவ்வொருத்தனா கேட்டிருக்கார், அது பழசு இல்லையாம்.

எந்த ஊரு சார்ட்டுப்பான்னு கேட்டேன்.

"செங்கடல்."

கப்பல் அப்ப சூயஸ்ல நிக்குது, ஊருக்குத் திரும்பி வர்ற வழியே அதுதான்.